புழுவுக்குச் சாதி இல்லைதான், காலுக்கு இருக்கிறதே!

சாதியையும் நோயையும் சேர்த்து யாராவது பேசினால் போதும், உடனே ஒரு கேள்வி வந்து விழும். "கிருமிக்குத் தெரியுமா யார் எந்தச் சாதி என்று? மருத்துவத்தில்கூடவா சாதியை இழுப்பீர்கள்?" கேட்பவர்களில் பலர் படித்தவர்கள். சிலர் மருத்துவர்கள்.

அவர்கள் சொல்வது சரிதான். கிருமிக்குச் சாதி தெரியாது. புழுவுக்கும் தெரியாது. ஆனால் ஒரு புழு மனித உடலுக்குள் நுழைய வழி வேண்டும். நுழைந்தபின் ஆண்டுக்கணக்கில் தங்குவதற்கு, யாரும் கவனிக்காத உடல் வேண்டும். பெருகிக் கொல்வதற்கு, அந்த உடலின் எதிர்ப்புச் சக்தி குறைய வேண்டும். இந்த மூன்றும் யாருக்கு எவ்வளவு என்று இந்த நாட்டில் அளந்து பங்கிட்டு வைத்திருப்பது எது? ஒரே ஒரு புழுவை எடுத்துக்கொண்டு இதைப் பார்த்துவிடுவோம்.

வயிற்றுக்குள் ஒரு குடித்தனம்

அந்தப் புழுவின் பெயர் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் ஸ்டெர்கோராலிஸ். வாயில் நுழையாத பெயர். கொக்கிப்புழு, நாடாப்புழு, கீரைப்பூச்சி என்று மற்ற புழுக்களுக்கெல்லாம் நம் ஊரில் பெயர் இருக்கிறது. இதற்கு இல்லை. பெயர் இல்லாததால் பேச்சும் இல்லை. பெயரின் பின்பாதி, மலம் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1876இல் பிரான்சின் தூலோன் துறைமுகத்தில், இன்றைய வியட்நாமிலிருந்து தீராத வயிற்றுப்போக்கோடு திரும்பிய படைவீரர்களின் மலத்தில் லூயி நோர்மான் என்ற கடற்படை மருத்துவர் இதைக் கண்டுபிடித்தார்.

மனித மலம் கலந்த ஈரமண்ணில் இதன் இளம்புழு காத்திருக்கும். வெறுங்கால் அதன்மேல் பட்டால் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். இரத்தத்தின் வழியாக நுரையீரலுக்குச் சென்று, அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, சிறுகுடலில் போய்ச் சேரும். அங்கே வளரும் பெண் புழு இரண்டு மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். ஆண் துணையில்லாமலேயே முட்டையிடும்.

இதுவரை கேட்டால் மற்றப் புழுக்களின் கதைபோலத்தான் இருக்கும். வேறுபாடு இனிமேல்தான் வருகிறது. மற்றக் குடற்புழுக்கள் பலவற்றின் முட்டையோ இளம்புழுவோ வெளியே மண்ணில் கொஞ்சக் காலம் இருந்தாக வேண்டும். அவற்றுக்கு ஆயுளும் உண்டு. புதிதாகத் தொற்றாவிட்டால் சில ஆண்டுகளில் தாமாகவே அழிந்துபோகும். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் அப்படியில்லை. இதன் முட்டை குடலுக்குள்ளேயே பொரிந்துவிடும். வெளிவரும் இளம்புழுக்களில் சில வெளியேறாமல், குடற்சுவரையோ ஆசனவாய்த் தோலையோ துளைத்து மறுபடியும் அதே உடலுக்குள் நுழையும். ஒருமுறை குடியேறிய புழு அந்த உடலுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகும். ஐந்து வயதில் வரப்பில் நடந்தபோது நுழைந்தது, அறுபது வயதிலும் இருக்கும். மருந்து கொடுத்து அழிக்காவிட்டால் ஆள் சாகும்வரை இருக்கும்.

உடம்பு நன்றாக இருக்கும்வரை பெரிதாகத் தெரியாது. அவ்வப்போது வயிற்றுவலி, அரிப்பு, இருமல். கூலி வேலைக்குப் போகிறவர் இதற்கெல்லாம் மருத்துவமனைக்குப் போவாரா? உடலின் எதிர்ப்புச் சக்தி புழுவின் எண்ணிக்கையை ஓர் அளவில் அடக்கி வைத்திருக்கும். அந்தக் காவல் தளர்ந்த நாளில் எல்லாம் மாறிவிடும். ஆயிரக்கணக்கான இளம்புழுக்கள் குடலைத் துளைத்துக்கொண்டு நுரையீரல், கல்லீரல், மூளை என்று பரவும். போகும்போது குடலில் இருக்கும் பாக்டீரியாக்களையும் சுமந்துகொண்டு போகும். இரத்தத்தில் கிருமி ஏறும், மூளைக்காய்ச்சல் வரும், மூச்சுத் திணறும். இந்த நிலையைக் கண்டுபிடிக்காமல் விட்டால் ஏறக்குறைய எல்லோரும் இறந்துவிடுவார்கள். கண்டுபிடித்து மருந்து கொடுத்தாலும் பலரைக் காப்பாற்ற முடிவதில்லை.

இறப்புச் சான்றிதழில் புழு இருக்காது. 'இரத்தத்தில் கிருமித் தொற்று', 'நிமோனியா', 'பல உறுப்புகள் செயலிழப்பு' என்று இருக்கும்.

மருத்துவ நூல்கள் இப்படிப்பட்ட நோய்களைச் 'சந்தர்ப்பவாதத் தொற்று' என்று வகைப்படுத்துகின்றன. உடல் பலவீனமான சந்தர்ப்பம் பார்த்துத் தாக்குகிறதாம். சரி, அந்தச் சந்தர்ப்பத்தை உருவாக்கிக் கொடுத்தது யார்?

செருப்புக்குத் தடை, புழுவுக்கு வழி

முதலில் நுழையும் வழியைப் பார்ப்போம். வெறுங்கால்.

வெறுங்கால் ஏழ்மையால் மட்டும் வந்தது என்று சொல்கிறவர்கள் தமிழ்நாட்டு ஊர்களைப் பார்த்ததில்லை என்றுதான் பொருள். சேரியிலிருந்து ஊர்த்தெரு வழியாகப் போகிறவர் செருப்பைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்ற எழுதப்படாத சட்டம் இங்கே தலைமுறைகளாக இருந்தது. 'இருந்தது' என்று இறந்தகாலத்தில் எழுதவும் கை தயங்குகிறது. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் இருக்கும் ராஜாவூரில், ஆதிக்க சாதியினர் வாழும் ஒரு தெருவில் ஒடுக்கப்பட்ட மக்கள் ஏறத்தாழ 60 பேர் முதன்முறையாகச் செருப்பணிந்து நடந்தார்கள். எந்த ஆண்டு தெரியுமா? 2023 டிசம்பர். நிலவின் தென்முனைக்கு அருகே சந்திரயான் இறங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது.

2015இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, பொது இடத்தில் பட்டியல் சாதியினர் செருப்பு அணிவதைத் தடுப்பதும் குற்றம் என்று தனியாக எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. காலில் செருப்பு போடுவதற்கு நாடாளுமன்றம் சட்டம் இயற்றிப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டிய நாடு இது. இதில், ஊருக்கெல்லாம் செருப்புத் தைத்துக் கொடுத்த அருந்ததியர்களின் காலும் வெறுங்கால்தான். தோலைப் பதப்படுத்தியவருக்கு அந்தத் தோலைக் காலில் போட உரிமையில்லை.

ஆக, ஐம்பது அறுபது வயதில் இன்று நம்மோடு இருக்கும் ஒடுக்கப்பட்ட சாதி உழைப்பாளிகள், செருப்பு மறுக்கப்பட்ட காலத்தில் சிறுவர்களாக இருந்தவர்கள். அவர்கள் காலில் இன்று செருப்பு இருக்கலாம். அன்று நுழைந்த புழு இன்னும் உள்ளே இருக்கக்கூடும். தீண்டாமையின் கொடுமை மனதில் மட்டும் தங்குவதில்லை. இந்த நோயில் அது உயிருள்ள புழுவாகவே குடலில் தங்குகிறது.

இனி, மண்ணில் மலம் எப்படி வந்தது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கழிப்பறை உள்ள வீடுகள் 100க்கு ஏறத்தாழ 47. பட்டியல் சாதி வீடுகளை மட்டும் எடுத்தால் 100க்கு ஏறத்தாழ 34. 2019 அக்டோபர் 2 அன்று நாட்டின் கிராமப்புறங்களில் திறந்தவெளி மலங்கழிப்பு ஒழிந்துவிட்டது என்று பிரதமர் அறிவித்தார். அதே காலத்தில், 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, 19 விழுக்காடு வீடுகள் எந்தக் கழிப்பறையையும் பயன்படுத்தவில்லை என்று சொன்னது. அறிவிப்பு ஒழித்ததை ஆய்வு மறுபடியும் கண்டுபிடித்துவிட்டது.

கழிப்பறை கட்டக் கொஞ்சம் நிலமாவது சொந்தமாக இருக்க வேண்டும். தண்ணீர் வேண்டும். சேரிக்கு ஊர் விட்டு வைத்தது பள்ளமான இடத்தை. மழை பெய்தால் ஊர்க்கழிவும் அங்கேதான் வந்து தேங்கும். ஊர்க்காரர் வயலின் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் தோப்பிலும் வெறுங்காலோடு வேலை செய்வதும் இவர்களே. இன்னொரு பக்கம், சாக்கடையிலும் மலக்குழியிலும் கைகால் வைக்கும் வேலையை 1993லும் 2013லும் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். சாவு நிற்கவில்லை. அந்த வேலைக்கு இறக்கப்படுவது எந்தச் சாதி என்பதை நான் எழுதித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

"பிற சாதி ஏழைகளும் வெறுங்காலோடுதானே உழுகிறார்கள்?" என்று கேட்கலாம். ஆம். அவர்கள் உடலிலும் இந்தப் புழு இருக்கிறது. இங்கே வைக்கப்போகும் கோரிக்கைகள் அவர்களுக்கும் சேர்த்துத்தான். ஆனால் ஏழ்மை செருப்பு வாங்க முடியாமல் செய்யும். வாங்கிய செருப்பைக் கழற்றச் சொல்லாது. கழற்றச் சொன்னது சாதி.

'செட் மாத்திரை'

அடுத்து, எதிர்ப்புச் சக்தி எப்படிக் குறைகிறது என்று பார்ப்போம்.

எதிர்ப்புச் சக்திக் குறைவு என்றதும் எச்.ஐ.வி. என்றுதான் பலருக்கு நினைவு வரும். உறுப்பு மாற்று அறுவை, புற்றுநோய் மருந்து, நாட்பட்ட குடிப்பழக்கம், சத்துக்குறைவு எல்லாமே உடலின் காவலைத் தளர்த்தும். ஆனால் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் வெடித்துக் கிளம்புவதற்கு முதற்காரணமாக மருத்துவ உலகம் சுட்டுவது ஸ்டீராய்டு மருந்தை. பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், பெட்டமெத்தசோன் என்ற பெயர்களில் ஒன்று எந்த வீட்டு மருந்துச் சீட்டிலும் இருக்கும். அதிக நாள் எடுத்தால்தான் ஆபத்து என்பதும் இல்லை. சில நாள், சில வாரம் கொடுத்ததிலேயே நிலைமை கைமீறிப் போனதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு.

ஸ்டீராய்டு உயிர்காக்கும் மருந்துதான். ஆஸ்துமா, முடக்குவாதம், சிறுநீரக நோய், மூளையைத் தாக்கும் காசநோய், தொழுநோயில் வரும் எதிர்வினை என்று பலவற்றுக்கு அது இல்லாமல் முடியாது. மருந்தை நாம் குறை சொல்லவில்லை. அது யாருக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதைப் பற்றித்தான் பேசுகிறோம்.

நாள் முழுக்கக் குனிந்து நடவு நட்டவர், சுமை தூக்கியவர், செங்கல் சூளையில் வெந்தவர் மாலையில் மருந்துக்கடையில் போய், "உடம்பு வலி, ஒரு செட் மாத்திரை கொடுங்க" என்று கேட்கிறார். கடைக்காரர் நான்கைந்து மாத்திரைகளைத் துண்டுத் தாளில் மடித்துக் கொடுக்கிறார். அதில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை பல இடங்களில் ஸ்டீராய்டு. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்து அது. காலையில் வலி பறந்துவிடும்; வேலைக்குப் போய்விடலாம். ஒருநாள் விடுப்பு எடுத்தால் கூலி போகும். மருத்துவரிடம் போனால் அந்தக் கூலியும் போகும், கைக்காசும் போகும். ஆகவே செட் மாத்திரை. ஓய்வுக்குப் பதில் ஸ்டீராய்டு.

இங்கேதான் இரண்டு வழிகளும் வந்து சேர்கின்றன. சிறுவயதில் வெறுங்காலில் ஏறிய புழு. நடுவயதில் உடம்பு வலிக்கு விழுங்கிய மாத்திரை. இரண்டும் ஒரே உடலில் சந்திக்கின்றன. எந்தச் சமூகம் உடலைத் தேய்த்து உழைக்க வைக்கப்பட்டதோ, அந்தச் சமூகத்தின் உடலில்தான் சந்திக்கின்றன. இதற்கு மருத்துவம் வைத்த பெயர் சந்தர்ப்பவாதம். சந்தர்ப்பவாதி புழு மட்டும்தானா?

கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூனில், ஆக்சிஜன் தேவைப்படும் கொரோனா நோயாளிகளின் உயிரை டெக்ஸாமெத்தசோன் காக்கும் என்று பிரிட்டன் ஆய்வு ஒன்று காட்டியது. நல்ல செய்தி. சில வாரங்களிலேயே அமெரிக்க மருத்துவ இதழான ஜாமாவில் ஓர் எச்சரிக்கையும் வந்தது: ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் பரவியுள்ள நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு ஸ்டீராய்டு கொடுக்கும்போது புழுவை மனதில் வையுங்கள், தேவையானால் ஐவர்மெக்டின் கொடுத்துவிடுங்கள் என்று. 2021இல் இந்தியாவில் இரண்டாம் அலை வந்தபோது ஸ்டீராய்டு அள்ளி இறைக்கப்பட்டது. லேசான காய்ச்சலுக்கும் கொடுத்தார்கள். கருப்புப் பூஞ்சை வந்தபோது தொலைக்காட்சிகள் அலறின. புழுவைப் பற்றி எந்தத் தொலைக்காட்சி விவாதம் நடத்தியது?

இதிலுள்ள கேலிக்கூத்தையும் கவனியுங்கள். இந்தப் புழுவைக் கொல்லும் மருந்தின் பெயர் ஐவர்மெக்டின். அதைக் கண்டுபிடித்ததற்காக சதோஷி ஒமுரா, வில்லியம் கேம்பல் இருவரும் 2015இல் நோபல் பரிசு பெற்றார்கள். கொரோனாவுக்கு அது பயன்படும் என்று நிரூபிக்கப்படவே இல்லை. இருந்தும் 2021 மே மாதம் கோவா அரசு, 18 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் ஐவர்மெக்டின் தரப்போவதாக அறிவித்தது. நகரத்து வீடுகளில் அட்டை அட்டையாக வாங்கி அடுக்கினார்கள். பயன்படாத நோய்க்கு வீடு தேடி வந்த மாத்திரை, பயன்படும் நோய்க்கு இன்றும் சேரிக்கு வரவில்லை.

வெள்ளைச் சிப்பாயும் தமிழ்க் கூலியும்

இந்தப் புழு பல பத்தாண்டுகள் உடலில் தங்கும் என்பதை உலகுக்கு உறுதியாகக் காட்டியவர்கள் யார் தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிறைபட்ட பிரிட்டிஷ் படைவீரர்கள். 1942-43இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே மரண ரயில்பாதை போட அவர்கள் காட்டுக்குள் ஓட்டிச் செல்லப்பட்டார்கள். செருப்பு கிழிந்து, மலமும் சேறும் கலந்த முகாம்களில் வெறுங்காலோடு வேலை செய்தார்கள். ஊர் திரும்பிய பிறகு லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி அவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தது. 2000க்கும் அதிகமானவர்களைப் பார்த்ததில் 100க்கு 12 பேர் உடலில் இந்தப் புழு இருந்தது. ஒரு வெள்ளைக்காரன் சில ஆண்டுகள் சேரிக்காரனைப்போல வாழ நேர்ந்தது. அதன் விளைவை மருத்துவ உலகம் கட்டுரை கட்டுரையாக எழுதியது.

அதே பாதையில், அதே சேற்றில் வேலை செய்தவர்களில் மலேயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழ்க் கூலிகள் பல்லாயிரம் பேர். தோட்டக்காட்டுக்குக் கப்பலேறிய தமிழர்களில் கணிசமானோர் சாதிக்கொடுமைக்கும் பஞ்சத்துக்கும் தப்பி ஓடிய ஒடுக்கப்பட்ட மக்கள் என்பது வரலாறு. காஞ்சனாபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் நேசநாட்டு வீரர்களுக்கு ஏறத்தாழ 7000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. தமிழ்க் கூலிகளில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த ஒரு கல்லும் இல்லை. சிப்பாயின் வயிற்றைப் பார்க்க ஐம்பது ஆண்டு கழித்தும் ஒரு மருத்துவர் இருந்தார். கூலியின் எலும்பைத் தேடக்கூட ஆளில்லை.

இது பழைய கதை என்று தள்ள வேண்டாம். இன்றும் ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறும் அகதிகளுக்கு விமானம் ஏறும் முன்பே ஐவர்மெக்டின் கொடுக்க அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் வழிகாட்டுகிறது. பரிசோதனைகூடச் செய்யாமல், இருக்கும் என்று எடுத்துக்கொண்டே கொடுக்கிறார்கள். எந்த மண்ணில் புழு இருக்கிறதோ அந்த மண்ணிலேயே வாழ்கிறவருக்கு அந்த மாத்திரை இல்லை.

காஞ்சிபுரம் சொல்லும் கணக்கு

"இதெல்லாம் எங்கோ ஒருவருக்கு வரும் அரிய நோய்" என்பார்கள். 2013 முதல் 2020 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் பெரியவர்கள் 2351 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று வெளிவந்திருக்கிறது. அவர்களில் 768 பேருக்கு இந்தப் புழுவுக்கு எதிரான நோயெதிர்ப் பொருள் இருந்தது. 33 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவர். சென்னைக்குப் பக்கத்து மாவட்டம் இது; பட்டும் கோயிலும் கார்த் தொழிற்சாலையும் இருக்கும் மாவட்டம்.

இரத்தத்தில் நோயெதிர்ப் பொருள் இருப்பது பழைய தொற்றையும் காட்டும், இன்றைய தொற்றை மட்டுமல்ல என்று வாதிடலாம். சரி, பாதியைத் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். அப்போதும் ஆறு பேரில் ஒருவர். இதையா அரிய நோய் என்பது? உலக நலவாழ்வு அமைப்பு, உலகெங்கும் 60 கோடிப் பேருக்கு இந்தப் புழு இருக்கும் என்று மதிப்பிடுகிறது. அரிதாக இருப்பது நோயல்ல, தேடுகிற ஆள்தான். ஒருமுறை மலப் பரிசோதனை செய்தால் இந்தப் புழு பெரும்பாலும் தப்பிவிடும். திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும், அல்லது இரத்தப் பரிசோதனை வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்கு வசதி எங்கே?

"குடற்புழு நீக்க முகாம்தான் நடத்துகிறோமே" என்று அரசு சொல்லும். நடத்துகிறார்கள். 1 முதல் 19 வயதுவரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் கொடுக்கிறார்கள். வரவேற்கிறோம். ஆனால் ஒருவேளை அல்பெண்டசோல் கொக்கிப்புழுவுக்கும் உருண்டைப்புழுவுக்கும் கேட்கும். ஸ்ட்ராங்கிலாய்ட்சுக்குச் சரியாகக் கேட்காது. ஐம்பது வயது விவசாயக் கூலியும் நாற்பத்தைந்து வயது தூய்மைப் பணியாளரும் அந்த முகாமின் பட்டியலிலேயே இல்லை. மருந்தும் அவர்களுக்கானதில்லை, முகாமும் அவர்களுக்கானதில்லை.

இது தமிழ்நாட்டோடு முடிகிற கதையும் இல்லை. பீகாரில் காலா அசார் என்னும் ஒட்டுண்ணி நோய் முசாகர் மக்களை விடாமல் துரத்தியது. மண்சுவர் விரிசலில் வாழும் மணல் ஈ கடித்து வருவது அது. எச்.ஐ.வி. தொற்றும் சேர்ந்துவிட்டால் மருந்து கொடுத்தாலும் திரும்பத் திரும்ப வரும். ஒட்டுண்ணி வேறு, நுழையும் வழி வேறு. நிலமற்ற, ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட உடல் மட்டும் அங்கேயும் அதேதான்.

'சுத்தம் சோறு போடும்' என்பவர்களுக்கு

இந்த உண்மைகளைச் சொன்னால் வரும் அடுத்த பதில் நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான். "அவர்கள் பழக்கவழக்கம் அப்படி. சுத்தமாக இருக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும்."

யாருக்கு யார் சொல்லிக் கொடுப்பது? ஊர் முழுவதும் கழித்த மலத்தை அள்ளி ஊரைச் சுத்தமாக வைத்தவருக்கு, அந்த மலத்தைக் கழித்தவர் சுத்தம் சொல்லிக் கொடுப்பாராம். அள்ளியவன் தீட்டு, கழித்தவன் புனிதம் என்று எழுதி வைத்த பார்ப்பனியத்தின் நவீனப் பதிப்புதான் இந்தச் 'சுகாதார விழிப்புணர்வு'. பழைய தீட்டு கோயில் வாசலில் நிறுத்தியது. புதிய தீட்டு நோயாளியைப் பார்த்து 'உன் பழக்கம்தான் காரணம்' என்று சொல்லி, அரசையும் சாதியையும் ஒரே வீச்சில் விடுதலை செய்துவிடுகிறது.

இன்னொரு கூட்டமும் கிளம்பியிருக்கிறது. பூங்காவில் கூழாங்கல் பாதை போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால் உடலுக்கு நல்லது, மண்ணோடு மனிதன் கொண்ட உறவு அறுந்துவிட்டது என்று வகுப்பெடுக்கிறார்கள். காலையில் அரைமணி நேரம் வெறுங்காலோடு நடந்துவிட்டு வீட்டில் போய்க் கால் கழுவலாம் அவர்கள். விருப்பப்பட்டுக் கழற்றுகிற செருப்புக்கும் மிரட்டிக் கழற்ற வைக்கிற செருப்புக்கும் இடையில் இருப்பதற்குப் பெயர்தான் சாதி.

நாம் கேட்பது என்ன?

தமிழ்நாட்டில் செய்ய முடியாத எதையும் நாம் கேட்கவில்லை.

முதலாவது, ஸ்டீராய்டு தொடங்கும் முன் ஒரு கேள்வி. "சின்ன வயதில் வெறுங்காலோடு வயலில் வேலை செய்தீர்களா? சாக்கடை, குப்பை வேலை செய்ததுண்டா?" எல்லா அரசு மருத்துவமனைகளிலும் இந்தக் கேள்வி கட்டாயமாக வேண்டும். ஆம் என்றால் பரிசோதனை. பரிசோதனை செய்ய வழியில்லை என்றால் மருத்துவர் மேற்பார்வையில் ஐவர்மெக்டின்.

இரண்டாவது, மருந்து. 2022இல் வெளியான தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஐவர்மெக்டின் இருக்கிறது. பட்டியலில் இருந்தால் போதாது. ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கையிருப்பில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, கணக்கெடுப்பு. பள்ளிப் பிள்ளைகளில் 5 விழுக்காட்டினருக்கோ அதற்கு மேலோ இந்தப் புழு உள்ள பகுதிகளில், 5 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ஐவர்மெக்டின் கொடுக்கலாம் என்று உலக நலவாழ்வு அமைப்பு 2024இல் வழிகாட்டியது. நம் மாவட்டங்களில் எத்தனை விழுக்காடு என்று அரசு எண்ணட்டும். எண்ணும்போது தொழில், கழிப்பறை, செருப்பு ஆகியவற்றோடு சாதியையும் சேர்த்து எழுதட்டும். எண்ணாமல் விட்டால் 'நோய்க்குச் சாதி இல்லை' என்று வசதியாகப் பேசிக்கொண்டே இருக்கலாம்.

நான்காவது, தூய்மைப் பணியாளர்கள். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் போராடியவர்களை நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்திய அரசு, மறுநாள் நலத்திட்டங்களை அறிவித்தது. அவற்றில் ஒன்று தொழில்சார் நோய்களுக்கான சிகிச்சைத் திட்டம். பணி நிரந்தரம் கேட்டவர்களுக்குச் சிகிச்சைத் திட்டம் பதிலாகாது. கொடுத்த அந்த வாக்கையாவது முழுதாக நிறைவேற்றட்டும். நுரையீரல், தோல் நோய்களோடு இந்தப் புழுவுக்கான பரிசோதனையையும் அதில் சேர்க்கட்டும். முழங்கால்வரை காலணியும் கையுறையும் ஒப்பந்தக்காரர் தயவில் விடப்படாமல் உரிமையாக வரட்டும்.

ஐந்தாவது, சேரிக்கு நிலமும் தண்ணீரும் கழிப்பறையும். மாத்திரை புழுவைக் கொல்லும், மண்ணைச் சுத்தமாக்காது. மலம் கலந்த மண்ணில் நாளை மறுபடியும் கால் படும். செருப்பும் முழுப் பாதுகாப்பல்ல. மண்ணில் மலம் கலக்காமல் செய்வதுதான் நிரந்தரத் தீர்வு. அதற்கு நிலப் பங்கீட்டைப் பேசாமல் முடியாது.

தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு வீட்டில் யாராவது சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிட வேண்டாம். அது உயிருக்கே ஆபத்து. கடையில் போய் ஐவர்மெக்டினைத் தானாக வாங்கி விழுங்கவும் வேண்டாம். மருத்துவரிடம் இந்தப் புழுவின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சங்கக் கூட்டத்தில், பயிற்சி முகாமில், மருத்துவ மாணவத் தோழர்கள் மத்தியில் இதைப் பேசுங்கள். செட் மாத்திரையைப் பற்றிச் சூளையிலும் நடவு வயலிலும் பேசுங்கள்.

செருப்புப் போட்டு நடக்கும் போராட்டத்தை மான உரிமைப் போராட்டம் என்று சொல்லி வந்திருக்கிறோம். அது உயிர் உரிமைப் போராட்டமும்கூட. ராஜாவூர்த் தெருவில் நடந்தவர்கள் தடுத்து நிறுத்தியது ஆதிக்க சாதியின் திமிரை மட்டுமில்லை. அவர்கள் பிள்ளைகளின் கால் வழியே நுழையக் காத்திருந்த புழுவையும்தான். இன்னும் செருப்பு ஏறாத தெருக்கள் எங்கெங்கே இருக்கின்றனவோ, அங்கெல்லாம் நடப்போம். நடந்த கையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் நடப்போம். நம் உடலுக்குள் சாதி விட்டுச் சென்றதை வெளியேற்ற மருந்து கேட்போம்.